மேசையில் கிடந்த பதினொரு வளைவுக் கத்தி

எங்கள் சேகரிப்பகத்தில் உள்ள கத்திகளையெல்லாம் படம் எடுத்து, அளந்து, கணினியில் ஏற்றுகிற வேலை போன மாதம் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளையொருத்தி வந்து செய்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் கத்தியின் பெயரைத் தன் போனைக் காட்டித்தான் கண்டுபிடிக்கிறாள். போன் சொல்லும் பெயரில் பத்துக்கு நாலு பிழை. அதைத் திருத்தத்தான் ஓய்வுபெற்ற என்னைக் கிழமைக்கு இரண்டு நாள் கூப்பிடுகிறார்கள்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "ஐயா, எல்லாத்துக்கும் மட்டையிலை உங்கடை கையெழுத்திலை விவரம் கிடக்கு. நாப்பத்தோராம் இலக்கத்துக்கு மட்டும் ஏன் வெறும் மட்டை?"

"அது கோட்டுச் சாமான் பிள்ளை, வழக்குப் பொருள். தொடாதை."

"தொடேல்லை. ஏனெண்டுதான் கேட்டனான்."

அன்றைக்குப் பதில் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். இந்த வருடத்து மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படியும் அவள்தான் கேட்டாள். ஆகவே அந்தப் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் ஆர் என்று சொல்ல வேண்டும். பெயர் தில்லையம்பலம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிரிஸ் என்கிற மலாய்நாட்டு வளைவுக் கத்தியைக் கையில் வாங்கி, இது ஜாவாவில் அடித்ததா, சுலவேசித் தீவுப் புகிஸ்காரர் அடித்ததா, போன கிழமை கொழும்பில் அமிலம் பூசியதா என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலில் எண்ணெய் போடுகிற வேலைக்கு ஏறினேன். சுரபாயாத் துறைமுகத்தில் இரும்புச் சங்கிலி விழுந்து கால் முறிந்தது. கப்பல் என்னை விட்டுவிட்டுப் போனது. கட்டுப் போட்ட காலோடு கத்தி கழுவுகிற ஒரு கிழவரின் பட்டறையில் ஒதுங்கினேன். எட்டு மாதம் அவருக்குக் கத்தியின் துரு எடுக்கத் தேசிக்காய் பிழிந்தேன். பிறகு சிங்கப்பூரில் பழம்பொருள் விற்கிற கடையொன்றில் பதினொரு வருடம். படித்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கண்ணும் கையும்.

ஊருக்குத் திரும்பியபோது இந்த வேலைக்கு இங்கே என்ன தேவை என்று சிரித்தார்கள். தேவை இருந்தது. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்து, பென்சனோடு ஊர் வந்த எங்கள் ஆட்கள் பெட்டியில் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது ஒரு 'மலாயாக் கத்தி' இருந்தது. பாம்பு நெளிவதுபோல வளைந்த கத்தி. மண்டபத்துச் சுவரில், மலாயாக்காரரின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கும். நவராத்திரிக்கு இறக்கி, மண்வெட்டி அரிவாளோடு சேர்த்துப் பூசையில் வைப்பார்கள். அது எந்த ஊர், என்ன சாதிக் கத்தி என்று வைத்திருந்தவர்களுக்கே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே மனிதர் செல்வநாதன் ஐயா. நில அளவைத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். இணுவிலில் தன் வீட்டின் முன்பாதியை ஒதுக்கி, மலாயாச் சாமான்களைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சேகரிப்பகத்தில்தான் நான் இருபத்தாறு வருடம் வேலைசெய்தேன்.

ஐயா சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. எப்போதும் காதில் ஒரு பென்சில். கத்தி ஒன்று வந்தால் தான் தொடமாட்டார். என்னைத் தொடவிட்டு, எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நான் கையிலெடுத்த உடனே, "ஜாவாவிலை சோலோ அரண்மனைக் கத்தி ஐயா, பழசு" என்று சொல்லிவிடுவேன்.

"கத்தி உன்னோடை கதைச்சதோ தில்லை?"

"ஓம் ஐயா."

"தமிழிலையோ, ஜாவாப் பாஷையிலையோ?"

"பகிடி விடாதையுங்கோ ஐயா. நான் சொன்னது பிழைச்சிருக்கோ?"

"இதுவரைக்கும் இல்லை. கொஞ்சம் பொறு. முதலிலை எண்ணு."

எண்ணுவது இப்படி. நுனி மேலே நிற்கக் கத்தியைப் பிடிக்க வேண்டும். அடியில் யானைத் தும்பிக்கைபோல ஒரு சுருள் இருக்கும். அது உள்ள பக்கத்தில் முதல் வளைவில் பெருவிரலை வைக்க வேண்டும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம். மறுபடி இந்தப் பக்கம். இப்படி மாறிமாறி நுனிவரைக்கும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றையில்தான் முடியும். இரட்டையில் முடிந்தால் எண்ணினவன் பிழை, கத்தி பிழையல்ல. வளைவின் எண்ணிக்கையும் தும்பிக்கை, பள்ளம், பல் ஆகிய அங்கங்களும் சேர்ந்துதான் கத்தியின் வடிவத்துக்குப் பெயர் வரும்.

அடுத்தது கோலம். இரண்டு சாதி இரும்பை மடித்து மடித்து அடித்ததால் உடம்புக்குள் ஒரு கோலம் ஓடும். சிந்திய அரிசி, மழைத்துளி, தென்னோலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. துருவேறிக் கறள் பிடித்த கத்தியில் அது தெரியாது. தேங்காய்த் தண்ணியில் ஊறவைத்து, தேசிக்காய்ப் புளியால் கறளை எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் கழுவி, துடைத்து, பாஷாணம் கலந்த புளியைத் தடவ வேண்டும். கறுக்க வேண்டிய இரும்பு கறுக்கும். வெளுத்திருக்க வேண்டியது வெள்ளியாய் நிற்கும். கோலம் மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கொழும்பு வியாபாரி ஒருவர் நிறையக் கோலம் போட்ட கத்தியொன்றைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, நான் அதன் ஓரத்தைக் கல்லில் இரண்டு தரம் உரசிக் காட்டினேன். கோலம் போய்விட்டது. உண்மைக் கோலம் என்றால் மறுபடி புளி தடவ எழும்பும். இது எழும்பவில்லை. வந்தவர் பட்டுத் துணியையும் விட்டுவிட்டுப் போனார்.

கடைசியாகப் பிடியைக் கழற்றி, அதற்குள் போகிற வால் இரும்பைப் பார்ப்பது. ஜாவாவில் அதைத் துணியோ தலைமயிரோ சுற்றி இறுக்குவார்கள்.

இவ்வளவும் முடிந்தபிறகு ஐயா ஒரு தாளைத் தருவார். அதில் மூன்று பகுதி எழுத வேண்டும்: கண்டது, காணாதது, கேளாதது. என்ன பார்த்தேன், எது பார்க்கக் கிடைக்கவில்லை, கொண்டுவந்தவரிடம் எதைக் கேட்காமல் விட்டேன். நான் எழுதிக் கொடுத்தால் திருத்தமாட்டார். 'நிச்சயமாக' என்று எங்கே எழுதியிருக்கிறேனோ அதற்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். அந்தப் புள்ளியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குத் தெரியாததையெல்லாம் நானே எழுதிக் கையொப்பம் வைக்க நான் என்ன பைத்தியமா என்று மனதுக்குள் திட்டுவேன்.

இனி நாற்பத்தோராம் இலக்கம்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்களின் பின், பண்டத்தரிப்புக்கு இரண்டு மைல் தூரத்தில், ஆட்கள் திரும்பி வந்து துப்புரவாக்கிய பற்றைக்காணியொன்றில் மலகூடக் குழி வெட்டினார்கள். மனித எலும்பு வந்தது. அதனோடு ஒரு கத்தியும் வந்தது. பொலிஸ், நீதவான், சட்ட வைத்தியர் எல்லாரும் வந்து எடுத்துப் போனார்கள். உடுப்பில்லை, அடையாள அட்டை இல்லை. கத்தி மட்டும்தான். பத்திரிகையில் 'வளைந்த கத்தி' என்று செய்தி வந்த மூன்றாம் நாள், மகேஸ்வரி என்ற அம்மா நீதிமன்றத்துக்குப் போய், அப்படி ஒரு கத்தி தன் வீட்டிலும் இருந்தது என்று சொன்னார்.

அவருடைய கதை இது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பெரிய இடப்பெயர்வில் பண்டத்தரிப்பு வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கரவெட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கணவர் அதற்கு முதலே காலமாகிவிட்டார். ஒரே மகன், இருபத்திரண்டு வயது, பெயர் நகுலன். கரவெட்டிக்குப் போய் ஒரு மாதத்தில், வீட்டில் விட்டுவந்த சாமானை எடுத்து வருகிறேன் என்று சைக்கிளில் புறப்பட்டவன் திரும்பவில்லை. பெட்டிக்குள் இருந்த காணி உறுதியையும் சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் மலாயாக் கத்தியையும் எடுத்துவரச் சொன்னது அந்தம்மாதான்.

ஆகவே அந்தக் கத்தி அவருடையது என்றால், எலும்பு மகனுடையது. மகன் வீடுவரைக்கும் போய், சொன்னதை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் செத்தான் என்று ஆகும். கத்தி வேறென்றால், மகன் எங்கேயோ பிடிபட்டு, எங்கேயோ இன்னும் இருக்கலாம். நீதிமன்றம் கத்தியை எங்களிடம் அனுப்பி, அந்தம்மாவையும் விசாரித்து அபிப்பிராயம் எழுதும்படி கேட்டது.

ஐயா அப்போது கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். வர மூன்று கிழமை செல்லும். நான் நீதிமன்றத்திடம் தவணை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீதிமன்றம் என்னிடம் கேட்கிறது, ஐந்தாம் வகுப்பு படித்த தில்லையம்பலத்திடம் கேட்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நாலு நாள் அந்தக் கத்தியைக் கழுவினேன். பிடியும் உறையும் மண்ணில் உக்கிப் போயிருந்தன. வால் இரும்பில் மட்டும் பச்சை பிடித்த செம்புக் கம்பி, மெல்லிசு, நெருக்கமாகச் சுற்றியிருந்தது. ஜாவாவில் செம்புக் கம்பி சுற்றமாட்டார்களே என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பதினொரு வளைவு. புளி தடவக் கோலம் எழும்பியது: சிந்திய அரிசி. நல்ல ஜாவாக் கத்தி.

ஐந்தாம் நாள் காலை மகேஸ்வரி அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பை. கத்தியை மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தேன். அவர் கதிரையில் இருந்தார், துணியின் ஓரத்தைத் தொட்டார், கத்தியைத் தொடவில்லை.

"அக்கா, உங்கடை கத்தி எப்பிடி இருந்தது? இதைப் பாக்காமல் சொல்லுங்கோ."

"வளைஞ்சிருக்கும் ஐயா. மாமா கோலாலம்பூரிலையிருந்து கொண்டுவந்தது."

"எத்தினை வளைவு?"

"ஆறு." யோசிக்காமல் சொன்னார். "நான் அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த நாளிலையிருந்து ஆறு. நகுலனுக்கு நம்பர் சொல்லிக் குடுத்ததே அதை எண்ணித்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏழில்லையோ, ஒன்பதில்லையோ?"

"ஆறு ஐயா. பிள்ளைக்கு நான் பிழையாவே சொல்லிக் குடுப்பன்?"

"கோலம் ஏதும் இருந்ததோ? அரிசி சிந்தின மாதிரி?"

"ஒரு கோலமும் இல்லை. வெள்ளி மாதிரிப் பளபளவெண்டு மினுங்கும். நாலு வீட்டுக்குத் தெரியும்."

எனக்குள் ஒரு வெற்றி எழும்பியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆறு வளைவில் உலகத்தில் கிரிஸ் இல்லை. இருந்தாலும் அது ஏதோ கடைத்தெருப் பொம்மைக் கத்தி. இது பதினொரு வளைவு, அரண்மனை வேலை. நான் எழும்பி நின்று, நீதிமன்றத்தில் நிற்பதுபோல நின்று சொன்னேன்: "அக்கா, இது உங்கடை கத்தி இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வடிவாப் பாத்தனீங்களோ?"

"இந்தக் குடாநாட்டிலை என்னை விட்டால் இதைச் சொல்ல ஆளில்லை."

"அப்ப இது... என்ரை பிள்ளை இல்லை?"

"இல்லை. தைரியமாப் போயிட்டு வாங்கோ."

முருகா என்று ஒரு சொல் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அடுத்த நாள் ஒரு கதலி வாழைக்குலையைப் பஸ்ஸில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான்தான் தின்றேன்.

கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். கண்டது மட்டும் எழுதினேன். காணாதது, கேளாதது இரண்டையும் விட்டேன். கடைசி வசனம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: 'இது மேற்படியாரின் கத்தி அல்ல என்பதை நிச்சயமாகச் சொல்கிறேன்.' நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எலும்புகள் பெட்டியில் போடப்பட்டு, இனங்காணப்படாதவை என்று ஒட்டப்பட்டு, வேறு இடத்துக்குப் போயின. உரிமை கேட்பவர் வரும்வரைக்கும் கத்தி எங்கள் அலுமாரியில்.

ஐயா வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணுக்கு உருப்பெருக்கியைப் பிடித்து என் கடிதத்தின் பிரதியை இரண்டு தரம் வாசித்தார். புள்ளி வைப்பார் என்று காத்திருந்தேன். பென்சிலை எடுக்கவே இல்லை. கத்தியைக் கேட்டார். முதல் தடவையாகத் தானே கையில் எடுத்தார். வால் இரும்பைத் தடவினார்.

"இந்தச் செம்புக் கம்பி என்ன தில்லை?"

"ஆரோ பிடி ஆடுதெண்டு சுத்தியிருக்கினம் ஐயா."

"ஓம். ஆர்? அந்த அம்மாவை இதைக் கேட்டியோ?"

"வளைவே பொருந்தேல்லை. கம்பியைக் கேட்டு என்ன?"

"போய்க் கேள். நீ ஒண்டும் சொல்லிக் குடுக்காதை. பிடியை எதாலை இறுக்கியிருந்தது எண்டு மட்டும் கேள். ஒரு கேள்விதானே."

"சரி ஐயா. நாளைக்குப் போறன்."

நான் போகவில்லை.

கேட்டு, பிழைத்துவிட்டால்? நீதிமன்றத்துக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும். நான் எழுதினது பிழை என்று எழுத வேண்டும். மூன்றாம் நாள் ஐயாவிடம் சொன்னேன்: "கேட்டனான் ஐயா. அவவுக்கு ஞாபகமில்லையாம்."

ஐயா என்னை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "போனனியோ?"

"போனனான் எண்டு சொல்லுறன்தானே."

"சரி" என்றார். ஐயா அடுத்த வருடம் காலமானார். இந்தப் பொய்யைப் பிறகு ஒரேயொருவரிடம்தான் நான் ஒப்புக்கொண்டேன். இங்கேதான் முதன்முதலில் எழுதுகிறேன்.

அதன்பிறகு மகேஸ்வரி அம்மாவை நான் அடிக்கடி கண்டேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் றோட்டோரத்தில் கொட்டகை போட்டு இருந்தார்களே, அங்கே அவரும் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பஸ்ஸில் போகும்போது காண்பேன். பக்கத்தில் இருப்பவரிடம், "உந்த அம்மாவின்ரை மகன் இருக்கிறான் எண்டு அறிவிச்சது நான்தான்" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தரமல்ல, பல தரம். வெயிலிலும் மழையிலும் நாலு வருடம் அவர் அங்கே இருந்தார். மகன் இன்ன முகாமில் இருக்கிறான் என்று ஆராவது சொன்னால், அந்த ஊருக்கெல்லாம் போய்வந்தார் என்று பிறகு அறிந்தேன்.

நாலாம் வருடம் கரவெட்டியில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். தகப்பன் மலாயாவில் தபால் கந்தோரில் இருந்தவர். கத்தியைச் சேகரிப்பகத்துக்குத் தர விரும்பினார்.

"ஐஞ்சு வளைவுக் கத்தி" என்றார் ரீச்சர்.

நான் சுவர்ப் பலகையிலிருந்து கழற்றி எண்ணினேன். ஒன்பது. "ரீச்சர், கணக்கும் படிப்பிச்சனீங்களோ?" என்று பகிடி விட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "ஏன்? எண்ணிக் காட்டட்டோ? கொண்டாருங்கோ உந்தக் கத்தியை." கத்தியை வாங்கி, நான் கழற்றிய பலகையிலேயே மறுபடி படுக்க வைத்தார். அது ஒரு நீட்டுப் பலகை. கத்தியின் கீழ்ப்பாதியை ஒரு சட்டம் மறைத்துப் பிடிக்கும். கத்தி படுத்தபடி அதற்குள் இருந்தால் மேல் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரியும். விரலால் மேட்டுக்கு மேடு தொட்டு எண்ணினார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, ஐஞ்சு. சரியோ? சின்ன வயசிலையிருந்து இப்பிடித்தான் எண்ணினனாங்கள். எல்லா மலாயாக்காரர் வீட்டிலையும் உந்தப் பலகைதான். அப்பான்ரை காலத்திலை எங்கடை ஊர்த் தச்சர் ஒருத்தர் ஒரே அச்சிலை செய்து குடுத்தவர்."

மேலே ஐந்து. கீழே மறைந்திருந்தது நாலு.

மகேஸ்வரி அம்மா யோசிக்காமல் சொன்ன ஆறு நினைவுக்கு வந்தது. மேலே ஆறென்றால், கீழே ஐந்து. பதினொன்று.

"ரீச்சர், இதை எதாலை மினுக்குவியள்?"

"நவராத்திரிக்கு இறக்கி, பழப்புளியும் செங்கட்டித் தூளும் போட்டுத் தேய்ப்பம். கண்ணாடி மாதிரி வரும். ஏன் ஐயா கேக்கிறியள்?"

வருடத்துக்கு ஒருதரம் செங்கல்தூள் போட்டுத் தேய்த்த கத்தியில் கோலம் எப்படித் தெரியும்? வெள்ளியாய்த்தான் மினுங்கும். இத்தனை வருடம் மண்ணின் புளிப்பில் கிடந்து, நான் கழுவிப் பாஷாணம் தடவியபோது கோலம் எழும்பியது. அந்தக் கோலத்தை அந்த வீட்டில் ஒருவரும் கண்டிருக்க நியாயமில்லை. கண் கோடி வேண்டும் என்று பீற்றிக்கொள்ளும் நான் இதை யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கத்தியை நான் ஜாவாக்காரன்போலப் பார்த்தேன்.

அன்று மத்தியானமே பண்டத்தரிப்புக்குப் போனேன். கொட்டகை அப்போது கலைந்திருந்தது. அந்தம்மா தன் பழைய வீட்டைத் திருத்தி அங்கே தனியே இருந்தார். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"வாங்கோ அண்ணை! வெயிலுக்குள்ளை வந்திருக்கிறியள். இருங்கோ, தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தாறன்."

"ஒண்டும் வேண்டாம் அக்கா. ஒரு கேள்வி கேக்க வந்தனான்."

"கேளுங்கோ."

"உங்கடை கத்தியின்ரை பிடி, எதாலை இறுக்கியிருந்தது?"

"பிடியோ?" அவர் யோசித்தார். "அது ஆடும். நகுலன் குழந்தையாய் இருக்கேக்கை ஒருக்காக் கழண்டு அவன்ரை காலிலை விழப் பாத்தது. அதுக்குப் பிறகு இவர்தான் இறுக்கினவர். இவர் தண்ணி மிசின் மோட்டருக்குக் கம்பி சுத்துறவரெல்லே. அந்தச் செம்புக் கம்பி, நூல் மாதிரி மெல்லிசு. அதாலை நெருக்கி நெருக்கிச் சுத்தி, பிடியை அடிச்சு இறக்கினவர். ஏன் அண்ணை?"

வால் இரும்பில் பச்சை பிடித்துக் கிடந்த கம்பி என் கண்முன் வந்தது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. அது அங்கேயே கிடந்து, அதற்குள் இருந்தது மட்டும் போனது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இருந்ததோ?" என்றார்.

"ஓம்."

"அண்டைக்கும் இருந்ததோ?"

"ஓம். அண்டைக்கும் இருந்தது."

"ஏன் கேக்கேல்லை?"

மூன்று கிழமைக்குப் பிறகு செல்வநாதன் ஐயா கேட்கச் சொன்னதையும், நான் இங்கே வராமலே வந்து கேட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. கடைசியில், "அவன் வீட்டை வந்து எடுத்தவன்" என்று மட்டும் சொன்னார். "நான் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் திரும்பினவன்."

திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நீதிமன்றத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்று பகுதியும் எழுதினேன். அந்தப் பெட்டியைத் தேடச் சொல்லிக் கட்டளை வந்தது. அந்தம்மாவின் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பதில் இன்னும் வரவில்லை. பெட்டிகள் நிறைய என்கிறார்கள். நாற்பத்தோராம் இலக்கத்தின் மட்டை வெறுமையாய் இருப்பதற்குக் காரணம் இதுதான் பிள்ளை. அதில் எழுத எனக்கு இனி உரிமை இல்லை.

ஆனால் மகேஸ்வரி அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்வதென்று தீர்மானித்து, கோயில் ஐயரை வீட்டுக்கு அழைத்தார். என்னையும் வரச் சொன்னார். போகப் பயமாக இருந்தது; போனேன்.

ஐயர் பஞ்சாங்கத்தை விரித்துக் கேட்டார்: "திதி என்ன அம்மா? பிள்ளை மோசம் போன நாள்?"

"அது தெரியாது ஐயா."

"வீட்டை விட்டுப் போன நாளை வைப்பமோ?"

"இல்லை. அண்டைக்கு அவன் உயிரோடைதான் போனவன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நான் உங்கடை கந்தோருக்கு வந்த திகதி என்ன?"

எனக்கு விளங்கவில்லை. கடிதத்தில் இருந்த திகதியைச் சொன்னேன்.

"அந்த நாளுக்குரிய திதியைப் பாருங்கோ ஐயா" என்றார் ஐயரிடம். "அவன் செத்த நாள் எனக்குத் தெரியாது. அவன் எனக்கு முன்னாலை மேசையிலை கிடந்த நாள் அதுதான். நான் எழும்பி, அவனை விட்டிட்டு வீட்டை வந்திட்டன்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

வருடாவருடம் அந்தத் திதிக்கு எனக்குச் சொல்லி அனுப்புவார். சைவக்காரர் வீட்டுத் திவசத்துக்கு உறவு, அயல் என்று நாலு பேர் இருப்பார்கள். படையல் முடிந்ததும் முதல் இலை எனக்குத்தான் போடுவார். நான் உறவும் இல்லை, அயலும் இல்லை; ஏன் முதல் இலை என்று ஒருவரும் கேட்பதில்லை. அவரே நின்று பரிமாறுவார்.

முதல் வருடம் இரண்டு வாய்க்குமேல் எனக்கு இறங்கவில்லை. இலையை மடிக்கப் போனேன்.

"மடிக்காதையுங்கோ அண்ணை" என்றார். "உந்தக் கத்தரிக்காய்க் குழம்பு நகுலனுக்கெண்டு வச்சது. முழுக்கச் சாப்பிடுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."

நின்று பார்த்தார். கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். இந்த வருடமும் சாப்பிட்டேன்.